கிணற்று நீரை அளக்கப் போகும் மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

இறுதியாண்டு ஆய்வுக்கு இரண்டு தலைப்புகள் கைவசம் இருப்பதாகவும், வார முடிவுக்குள் மேற்பார்வையாளரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்றும் தொலைபேசியில் கூறினாய். வன்னிக் காட்டின் பரப்பு எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்பதைச் செய்மதிப் படங்களைக் கொண்டு கணினியில் கணிப்பது ஒன்று. வவுனியாவில் உன் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணற்று நீரை மாரியிலும் கோடையிலும் எடுத்துப் பரிசோதிப்பது மற்றையது. முதலாவது விரைவில் முடிந்துவிடும், வெயிலில் அலையத் தேவையில்லை, ஆய்விதழில் வெளிவரும் வாய்ப்பும் கூடுதல் என்று உன் தோழிகள் சொல்கிறார்களாம். தொலைபேசியில் பேசி முடிக்கக்கூடிய விடயம் இதுவன்று என்பதால் எழுதுகிறேன். தீர்மானம் உன்னுடையது. ஆயினும் நீ கிணறுகளைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே என் விருப்பம். ஏன் என்பதை, பல்லாண்டு உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்தவள் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன்.

செய்மதிப் படங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. லான்ட்சாட் வரிசையின் முதற் செய்மதி 1972 இல் ஏவப்பட்டது. அன்றிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் சேமிப்பில் இருக்கின்றன. 2008 முதல் அவற்றை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அப்படியானால், இவ்வாண்டு வன்னிக் காடு எவ்வளவு பரப்பில் இருந்தது என்பதை நீ கணிக்காமல் விட்டாலும், பத்து ஆண்டுகள் கழித்து இன்னொரு மாணவி அதே படத்தை எடுத்து அதே விடையைப் பெற்றுக்கொள்வாள். கிணற்று நீருக்கு அவ்வாறான சேமிப்பு எதுவும் கிடையாது. இவ்வாண்டு ஐப்பசி மழைக்கு முன்னர் ஒரு கிணற்றில் எவ்வளவு புளோரைட்டு இருந்தது, எவ்வளவு நைத்திரேற்று இருந்தது என்பதை எவரும் அளந்து எழுதி வைக்காவிட்டால், பிற்காலத்தில் எத்தனை கோடி ரூபாய் செலவழித்தாலும் அந்த எண்ணை மீட்டெடுக்க முடியாது. என் வாதம் முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

கேடு நிகழ்ந்த பின்னர் அளப்பதற்கு எல்லாரும் வருவார்கள். அதிகாரிகள் வருவார்கள், வெளிநாட்டு நிபுணர்கள் வருவார்கள், தொலைக்காட்சிக் கமராக்கள் வரும். அதற்கு முந்திய நிலை என்ன என்று கேட்கும்போதுதான் எல்லாரும் கைவிரிக்கிறார்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் நம் கண்ணெதிரே எரிந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். பின்னர் கடற்கரையில் மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தோமே: உழுத்தம்பருப்பளவு வெள்ளை மணிகள், இடையிடையே தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிய கட்டிகள். அந்த மணிகளைக் காண்பது எளிது. அவற்றால் விளைந்த நட்டத்தை நிறுவுவது கடினம். இறந்த ஆமைகளும் டொல்பின்களும் கரையொதுங்கியபோது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வழக்கமாக எத்தனை ஒதுங்கும் என்று எதிர்த்தரப்பு கேட்டால், அதற்கு எண்ணால்தான் பதில் சொல்ல முடியும். மீனவரின் பிடி எவ்வளவு குறைந்தது என்பதற்கும் முந்திய ஆண்டுகளின் கணக்கு வேண்டும். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. தீர்ப்பு வந்தது நல்லது. கப்பல் எரிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே அது வந்தது என்பதையும் நீ எண்ணிப் பார்.

கிணறுகளையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்த விவகாரம் எழுந்த காலத்தில் நீ பாடசாலை மாணவி. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிலத்தடி நீர் இருக்கும் விதத்தை நீ என்னைவிட நன்கு படித்திருக்கிறாய்: ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, மழை நீர் பாறை வெடிப்புகளூடாக இறங்கி உவர்நீரின் மீது மிதக்கிறது, ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் தலைகாட்டும். அந்த ஊர் மக்கள் வாளியில் அள்ளிய நீரில் எண்ணெய்ப் படலத்தைக் கண்ணால் கண்டார்கள். ஆனால் எண்ணெய் உண்டு என்று ஓர் அறிக்கையும், ஆபத்தான எதுவும் இல்லை என்று வேறோர் அறிக்கையும் வெளிவந்து, எதை நம்பிக் குடிப்பது என்று தெரியாமல் அவர்கள் அலைக்கழிந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில் இரண்டு கோடி ரூபாய் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை முழுமையாக வாசி. நீர் மாதிரி எங்கே, எப்போது, எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை விரிவுரைக் குறிப்புகளைவிட அது தெளிவாகக் காட்டும்.

அளந்ததால் நன்மை விளைந்த கதையும் இந்நகரத்திலேயே உண்டு. 2010 நவம்பர் வெள்ளத்தில் பாராளுமன்றத்துக்குள்ளேயே நீர் புகுந்த பிறகு, கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் மழை நீரை எவ்வளவு தாங்கிக்கொள்கின்றன என்பதைப் பொறியியலாளர்கள் மேலும் ஒழுங்காகக் கணித்தார்கள். பலர் அவற்றைக் குப்பை கொட்டி நிரப்பி வீடு கட்டுவதற்கான வெற்று நிலங்களாகவே பார்த்து வந்தனர். 2018 இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட முதல் நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பெத்தகானை ஈரநிலப் பூங்காவில் மரப்பாலத்தின் மீது நடந்து பறவை பார்க்கிறோம். மீன்பிடிப் பூனை இந்நகரின் நடுவிலேயே வாழ்கிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. நிரப்புவது நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிரப்ப வருபவரை நோக்கி, இவ்வளவு நீர் எங்கே போகும் என்று எண்ணோடு கேட்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். வவுனியா சுண்ணாம்புக்கல் நிலமன்று, கடினப் பாறை. அங்கே நீரின் வன்மையும் (கரைந்திருக்கும் கல்சியம், மகனீசியத்தின் அளவு) புளோரைட்டும்தான் முதலில் கவனிக்கப்பட வேண்டியவை. வயற்காணிகளை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்றையும் பார்க்க வேண்டும். புளோரைட்டுக்கான மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்காதே. பிளாஸ்டிக் போத்தலே வேண்டும், ஏனெனில் புளோரைட்டு கண்ணாடியுடன் தாக்கமுறும். எடுக்கப் போகும் அதே கிணற்று நீரால் போத்தலைப் பல தடவை அலசிய பின்னரே நிரப்பு. பீஎச் பெறுமானத்தைக் கிணற்றடியிலேயே அளந்துவிடு. ஆய்வுகூடம் சேரும்வரை அது காத்திருக்காது. நைத்திரேற்று மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து இயன்ற விரைவில் கொண்டு போ, இல்லாவிடில் பற்றீரியாக்கள் வழியிலேயே அதை மாற்றிவிடும்.

வன்மையை ஈடிடிஏ நியமிப்பால், அதாவது செறிவு தெரிந்த ஈடிடிஏ கரைசலை அளவியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்து, காணும்போது, வைன் சிவப்பு மறைந்து நீலம் தோன்றும் அந்த முடிவுப் புள்ளியில் அவசரப்படாதே. சிவப்பு ஊதாவாகி, ஊதா தயங்கி நிற்கும் ஒரு கட்டம் உண்டு. அங்கே அளவியின் திருகை ஏறத்தாழ மூடிவிட்டு, ஒவ்வொரு துளியாக விட்டு, குடுவையை வெள்ளைத் தாளின் மீது வைத்துச் சுழற்றிப் பார். சிவப்பின் கடைசிச் சாயல் போய்விட்டது என்று மனம் சொன்ன பிறகும் ஒரு கணம் பொறு. மூன்று வாசிப்புகள் ஒத்துவராவிட்டால், ஒத்துவரும் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை அழித்துவிடும் பழக்கம் வகுப்பறைகளில் பரவலாக இருக்கிறது. நீ அதைச் செய்யாதே. மூன்றையும் எழுது, நான்காவது முறை செய், அதையும் எழுது. என் மாணவர்களிடம் இதை நான் எப்போதும் கண்டிப்புடன் கேட்டிருக்கிறேன், ஏனெனில் பரீட்சையில் போகும் புள்ளி அந்த மாணவருடையது மாத்திரம், கிணற்றுக் கணக்கில் பிழைத்தாலோ அந்த நீரைக் குடிக்கும் பிள்ளைக்குத்தான் தீங்கு.

அலகுகளிலும் கவனமாயிரு. நைத்திரேற்றுக்கான உச்ச வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது நைத்திரேற்று அயனாகக் கணித்தால். அதிலுள்ள நைதரசனாக மாத்திரம் கணித்தால் அதே வரம்பு ஏறத்தாழ 11. குறிப்பேட்டில் வெறுமனே 12 என்று எழுதி வைத்தால், ஒரு கணக்கில் அந்தக் கிணறு மிக நல்லது, மறு கணக்கில் வரம்பைத் தாண்டியது. புளோரைட்டிலும் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் 1.5, நம் நாட்டு நியமம் 1.0, எதனோடு ஒப்பிட்டாய் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுது.

இன்னொன்று. எவரையும் குற்றவாளியாக மனத்தில் தீர்மானித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகாதே. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்க நேர்ந்ததே, அதில் நொந்துபோன கமக்காரர்களின் முற்றத்தில்தான் நீ நிற்கப் போகிறாய். உரம் நீரைக் கெடுக்கக்கூடும் என்பது உண்மை. எந்தக் காணியில், எந்தப் பருவத்தில், எவ்வளவு என்று தெரியாமல் எடுத்த முடிவு அவர்களுடைய விளைச்சலையே விழுங்கியது என்பதும் உண்மை. உன் பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே ரஜரட்டையில் 1990களிலிருந்து பரவிவரும் சிறுநீரக நோய்க்கு நீரின் வன்மை, புளோரைட்டு, களைகொல்லி, வெயிலில் உடல் வறள்வது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்றும் ஐயமற நிறுவப்படவில்லை. நோய் தலைகாட்டுவதற்கு முந்திய ஆண்டுகளில் அந்தக் கிராமக் கிணறுகளின் நீரைப் பருவந்தோறும் அளந்த குறிப்பேடுகள் இருந்திருந்தால், இன்று ஆராய்பவர்களுக்கு அது எத்தனை பெரிய துணையாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆய்வு முடிந்ததும் கிணற்றுக்காரர் ஒவ்வொருவருக்கும் அவருடைய கிணற்றின் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. மேற்பார்வையாளர் அதைக் கேட்க மாட்டார், புள்ளியும் கிடைக்காது. ஆனாலும் செய். 1988 இல் தேசிய சுற்றாடல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் உரிமையும் கிடைத்தது. தன் கிணற்றைப் பற்றி எழுத்தில் ஒன்றும் கையில் இல்லாத மனிதர், பிரதேச செயலகத்தில் வைக்கப்பட்டிருக்கும் தடித்த அறிக்கையைப் பார்த்து எந்தக் கருத்தைச் சொல்ல முடியும்? நீ கொடுக்கும் ஒற்றைத் தாளை அவர் உறுதிக் காணிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வார்.

மருத்துவ பீடத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதவில்லை என்பதால்தான் நீ சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறாய் என்று உறவினர் சிலர் இன்னும் பேசுவதை நீ குறிப்பிட்டாய். சென்ற வாரம் உன் பெரியமாமியும் இதைக் கேட்டார். வயிற்றோட்டத்தோடும் பற்கறையோடும் பிள்ளைகள் வைத்தியரிடம் வருவதற்கு முன்னர் அவர்கள் குடித்த நீரைப் பார்ப்பதற்கும் ஒருவர் வேண்டும், என் மகள் அதைப் படிக்கிறாள் என்று சொன்னேன். அவர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வேலையைப் பற்றி இப்போதே கலங்காதே. நீர் வழங்கல் சபையில், மத்திய சுற்றாடல் அதிகாரசபையில், உள்ளூராட்சி மன்றங்களில், ஆடைத் தொழிற்சாலைகளின் கழிவுநீர்ப் பிரிவுகளில் என்று இடங்கள் உண்டு. அங்கெல்லாம் மாதிரியைக் கையால் எடுத்துப் பழகியவருக்கு மதிப்பு உண்டு. வரைபட மென்பொருளையும் கற்றுக்கொள். கிணறுகளின் அமைவிடங்களைக் குறிப்பதற்கே அது தேவைப்படும். ஆகவே உன் தோழிகள் சொல்லும் பயிற்சியும் வீண்போகாது.

அப்பாவிடம் செலவைப் பற்றிப் பேசிவிட்டேன். போத்தல்களுக்கும் ஐஸ் பெட்டிக்கும் முச்சக்கர வண்டிக்கும் வேண்டியதை மாதத் தொடக்கத்தில் உன் கணக்கில் வைப்பிலிடுவார். கிராமங்களுக்குத் தனியே போகாதே. ஒரு தோழியையோ ஆய்வுகூட உதவியாளரையோ கூட்டிக்கொண்டு, கிராம அலுவலருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போ. மேற்பார்வையாளரிடம் பேசும்போது கோடை மாதிரிகளைப் புரட்டாதி முடிவுக்கு முன் எடுக்க அனுமதி கேள், மழை தொடங்கிவிட்டால் அந்தப் பருவம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போய்விடும். எந்தக் கிணறுகள், எத்தனை என்ற பட்டியலை அவர் ஒப்புக்கொண்டதும் எனக்கும் ஒரு பிரதியை அனுப்பு; கணக்கீட்டுத் தாள்களை விடுமுறையில் நீ கொண்டு வந்தால் இருவரும் இருந்து சரிபார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா