தேவனுக்காகவும் பொய்ச்சாட்சி வேண்டாம்

குமரி மாவட்டத்துச் சபைகளின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் கமிட்டியாருக்கும்,

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பத்தொன்பது வருஷமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். போன மே மாதம் நடந்த ஒரு காரியம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் யோசுவா பத்தாம் அதிகாரம் எனக்கு வந்தது. சூரியன் தரித்து நின்ற கதை. கூடவே ஒரு பாடத்தாளும் தந்திருந்தார்கள். நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டபோது ஒரு நாள் குறைந்ததாம். யோசுவாவின் நாளில் 23 மணி 20 நிமிஷம், எசேக்கியா ராஜாவுக்கு அடையாளமாகச் சூரிய கடிகாரத்தின் நிழல் பத்துப் பாகை பின்னிட்டதில் 40 நிமிஷம், ஆக 24 மணி நேரம் சரியாகிவிட்டதாம். நானும் சந்தோஷமாகப் போர்டில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன் எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து நின்றான். ராத்திரி போனில் தேடிப் பார்த்திருக்கிறான். "டீச்சர், நேற்று சொன்னது பொய்யாம். நாசாவே இல்லைன்னு சொல்லியாச்சாம்" என்றான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்பம் மத்ததும் இப்படித்தானா?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்குப் போய் நானும் தேடினேன். ஹாரால்டு ஹில் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 1960களில் பேச்சுகளில் சொல்லிப் பரப்பிய கதை அது. ஆதாரம் கேட்டபோது அவரால் ஒரு தாளும் காட்ட முடியவில்லை. அதே கணக்கு, கம்ப்யூட்டரே இல்லாத 1890இல் சார்லஸ் டாட்டன் என்பவர் எழுதிய நூலில் இருக்கிறது. நிதானமாக யோசித்தால் நமக்கே புரிந்திருக்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிற பஸ்ஸை மட்டும் பார்த்து, அது வழியில் எத்தனை நிமிஷம் நின்றது என்று யாராவது சொல்ல முடியுமா? புறப்பட்ட நேரம் தெரிய வேண்டும். சூரியனுக்கும் அப்படித்தான். அந்தக் காலத்திலேயே ஒருவர் தனியாகக் குறித்து வைத்திருந்தால் ஒழிய, ஒரு நாள் குறைந்ததை எந்தக் கம்ப்யூட்டராலும் கண்டுபிடிக்க முடியாது. யோசுவாவின் அற்புதம் நடந்ததா இல்லையா என்பது வேறு பேச்சு. அதற்கு நாசாவைச் சாட்சிக்கு இழுத்தது பொய்.

அதையும் நல்ல எண்ணத்தில்தானே சொன்னோம் என்பீர்கள். யோபு தன் சிநேகிதரிடம் கேட்டாரே, தேவனுக்காக நீங்கள் நியாயக்கேடாய்ப் பேச வேண்டுமோ என்று. அந்த வசனத்தை நாம் எத்தனை தரம் வாசித்திருப்போம்!

இன்னொரு காரியமும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் பழைய ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் கிடந்த ஒரு கருங்கல் பலகை, பின்புறம் தண்ணீர்க் குழாயடியில் சேறு மிதிபடாமல் இருக்க, படியாகக் கிடக்கிறது. அசனம் என்கிற சபை விருந்தன்று அண்டா கழுவுகிறவர்கள் அதன் மேல்தான் நிற்பார்கள். அந்தப் பையனையும் இன்னும் நாலு பேரையும் ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப் போனேன். பாசியைத் தென்னஞ்சவுரியால் தேய்த்தோம், தாளை விரித்து அடுப்புக்கரியால் உரசினோம். புள்ளி வைக்காத எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பெயர் பாதி தேய்ந்துவிட்டது. 'மரித்த' என்பதும், '1036 ஆடி' என்பதும் நன்றாகத் தெரிந்தன. இது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் வழங்கிய பழைய ஆண்டுக் கணக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். ஆடி, கொல்லம் ஆண்டின் கடைசி மாதம், ஆகவே ஆங்கில ஆண்டு கிடைக்க 825 கூட்ட வேண்டும். 1861 என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அன்றைக்குக் கை தட்டல் இல்லை. ஒரு பிள்ளை செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள்.

அந்தக் குழாயடியில் உட்கார்ந்துதான், இயேசுவுக்கு மரண தண்டனை கொடுத்த ரோம அதிபதி பிலாத்துவின் கல்லைப் பற்றிச் சொன்னேன். 1961இல் இஸ்ரேல் கடற்கரையிலுள்ள செசரியாவில் இத்தாலிய ஆய்வாளர்கள் பழைய அரங்கத்தைத் தோண்டினார்கள். அங்கே படிக்கட்டில் புரட்டிப் போட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் ரோமப் பேரரசன் திபேரியுவின் பெயரால் அமைந்த ஒரு கட்டடம், பிலாத்து, யூதேயா என்று லத்தீன் எழுத்துகள் பாதி உடைந்து நின்றன. பிலாத்துவின் காலத்திலேயே அவன் பெயரையும் பதவியையும் பொறித்த கல் அது. அதையும் யாரோ படியாகத்தான் போட்டு மிதித்திருக்கிறார்கள். அந்தக் கல் பிலாத்து இருந்தான் என்று சொல்கிறது, யூதேயாவை ஆண்டான் என்று சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கல் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே நாமும் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

மான்செஸ்டர் நூலகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பாப்பிரஸ் துண்டு, அதாவது நாணலில் செய்த பழங்காலத் தாள், இருக்கிறது. யோவான் 18ஆம் அதிகாரத்தின் சில வரிகள், முன்னும் பின்னுமாக. 1920இல் எகிப்தில் வாங்கியது, 1935இல் படித்து வெளியிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டு எழுத்து என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள், எந்த ஆண்டு என்பதில் இன்னும் வாதம் உண்டு. அதன் பின்பக்கத்தில்தான் பிலாத்து "சத்தியமாவது என்ன" என்று கேட்கிற இடம் வருகிறது. இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களின் சாட்சியும் உண்டு. திபேரியுவின் காலத்தில் பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதுகிறார், அதுவும் கிறிஸ்தவர்களை இகழ்ந்துகொண்டே. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு' கொல்லப்பட்டதைக் குறிக்கிறார். அதே நூலில், 'இவரே கிறிஸ்து' என்று வருகிற இன்னொரு பகுதி நம் கன்வென்ஷன் மேடைகளில் அடிக்கடி வாசிக்கப்படுகிறது. அந்த வரி ஜோசிபஸ் எழுதியது இல்லை, பிற்காலத்தில் கிறிஸ்தவர் யாரோ சேர்த்தது என்பதை அறிஞர்கள் அநேகமாக எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பயப்படாதீர்கள். நாம் சொல்லாவிட்டால் போன் சொல்லிவிடும், அப்போது நாம் மறைத்தோம் என்பதையும் சேர்த்தே சொல்லும்.

நம் ஊர்க் கதைகளுக்கும் இது பொருந்தும். திருவிதாங்கோடு அரப்பள்ளி என்கிற ஆலயத்தை இயேசுவின் சீஷர் தோமா கி.பி. 63இல் கட்டினார் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பாரம்பரியம். முதல் நூற்றாண்டு எழுத்துச் சான்று அதற்கு இல்லை, ஆகவே பாரம்பரியம் என்றே சொல்லுவோம், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. மிஷனரி சவேரியாரின் காரியம் வேறு, அதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1544இல் இந்தக் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக மறு வருஷம் ஜனவரியில் கொச்சியிலிருந்து அவரே எழுதிய கடிதம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கையில் கொடுத்தாராம். கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை கொல்லப்பட்டது 1752இல். நாலே வருஷத்தில் கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் அந்தச் சாவு பதிவாகிவிட்டது. தண்டனைக்குக் காரணம் மதமாற்றம்தானா என்று மறுத்து எழுதிய வரலாற்றாசிரியர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் முன்னால் வைத்தால் பிளஸ் ஒன் பிள்ளைக்குப் புரியும்.

உயிர்த்தெழுதலை எந்தக் கல்லும் நிரூபிக்காது. சம்பவத்துக்குப் பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து வருஷத்துக்குள் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று. போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுகிற தொனி அது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் நாங்கள் தேவனைக் குறித்துப் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் ஆவோம் என்று அவரே அடுத்து எழுதுகிறார். முதல் சீஷர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள் என்பது வரை வரலாறு என் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது. அதற்கு அப்பால் நான் விசுவாசத்தால் நடக்கிறேன், வெட்கமில்லாமல் நடக்கிறேன். எதுவரை வரலாறு, எங்கே விசுவாசம் தொடங்குகிறது என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 'ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்த நானும்' என்று லூக்கா தொடங்கினாரே, விசாரிப்பது அவிசுவாசம் என்று அவர் நினைக்கவில்லை.

ஆசிரியர்களே, வருகிற மே மாதத்துக்குப் பாடம் தயாரிக்கும்போது நாசா கதையையும், செங்கடலில் கிடைத்த பார்வோனின் ரதச் சக்கரம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்தையும் எடுத்துவிடுங்கள். கமிட்டியாரே, பழைய ஞானஸ்நான, கலியாண, அடக்கப் பதிவேடுகள் எந்த பீரோவில் இருக்கின்றன என்று இந்த வாரமே பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் நடுவில் இருபது பக்கம் கரையான் தின்று, விரலை வைத்தால் மாவாக உதிர்ந்தது. மிச்சம் இருப்பதைப் போனிலாவது படம் பிடித்து வையுங்கள். ஆலயம் இடிக்கத் தீர்மானம் போடும்போது, எந்தக் கல் எங்கே இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டு இடியுங்கள்.

அந்தக் குழாயடிக் கல்லைத் தூக்க நாலு பேர் வேண்டும். வாலிபர் சங்கத்தில் ஆள் தயாராக இருக்கிறார்கள், அந்தப் பையனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கமிட்டியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை