உன் மகளின் நான்கு எழுத்துகள்

குழித்துறை,
ஆனி மாதம், ஞாயிறு இரவு.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நர்சிங்தான் படிப்பேன் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிவந்த உன் மகள், ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் ஆளுமைத் தேர்வு எழுதி, தான் அகமுகி, அதாவது தனக்குள்ளேயே ஒதுங்கி இருக்கும் இயல்புடையவள், என்று சொல்லும் நான்கு எழுத்துகளை வாங்கிவந்து, நோயாளிகளோடு பழகும் வேலை தனக்குச் சரிவராது என்று முடிவு கட்டிவிட்டாள் என்பதைப் படித்ததும் என் மனம் கனத்துவிட்டது.

அந்த நான்கு எழுத்து முறை, உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921இல் எழுதிய நூலைத் தழுவி, காதரின் பிரிக்ஸ், இசபெல் மயர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது. மனிதர்களை அது 16 வகைகளாகப் பிரிக்கிறது. அகமுகமா புறமுகமா என்பதற்கு ஓர் எழுத்து. ஆனால் பெரும்பாலோர் அகமுகத்துக்கும், பிறரோடு கலந்து பழக விரும்பும் புறமுகத்துக்கும் நடுவில் எங்கோ இருப்பவர்கள். நடுவில் ஒரு கோடு கிழித்தால், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பெண், அந்தப் பக்கம் ஒரு மதிப்பெண் என்று நிற்கும் இருவருக்கு எதிரெதிரான எழுத்துகள் கிடைத்துவிடும். அதனால்தான் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு எழுத்து மாறிப்போகிறது. உன் மகள் எந்த அளவுக்கு அகமுகி என்பதை அந்தத் தாள் சொல்லியிருக்கிறதா என்று பார்.

ஆய்வாளர்கள் இன்று பெரிதும் நம்புவது ஐம்பண்பு முறையை. புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், மன அலைவு (எளிதில் கலங்கும் இயல்பு) ஆகிய ஐந்தையும் அது கூடுதல், குறைவு என்று அளக்கிறதே தவிர, யாரையும் ஒரு பெட்டிக்குள் அடைப்பதில்லை. பாரிக், மவுண்ட் என்ற இருவர் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகை வேலைகளிலும் திறமையோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்வுதான். புறமுகம் விற்பனை, நிர்வாகம் போன்ற வேலைகளில் துணை செய்தது. வயது ஏற ஏறப் பொறுப்புணர்வு பொதுவாகக் கூடுகிறது என்பதும் தெரிந்த செய்தி. பதினேழு வயதில் எடுத்த அளவு அவளுக்கு ஆயுள் முழுவதும் பொருந்தும் என்று நீ ஏன் நினைக்க வேண்டும்?

என் கதையையும் சொல்கிறேன். சென்ற ஆண்டு பள்ளியில் உதவித் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்கச் சொன்னபோது, ஐம்பண்பை அளக்கும் 120 கேள்விகள் கொண்ட வினாத்தாளை எழுதிப் பார்த்தேன். புறமுகம் மிகக் குறைவு என்று வந்தது. பொறுப்பை மறுக்க நல்ல காரணம் கிடைத்ததென்று மனதுக்குள் ஓர் ஆறுதல். பிறகு, அதே தாளை என்னைப் பற்றி நிரப்பித் தருமாறு மனைவியிடம் கொடுத்தேன். வெளியே ரப்பர் இலைகளில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் பென்சிலால் குறித்துவந்தாள். இணக்கம் பற்றிய கேள்விகள் வந்ததும் ஒரு குறியை அழித்தாள், மறுபடி போட்டாள், மீண்டும் அழித்தாள். பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவன் என்று நான் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன். அவள் மிகக் குறைவாகக் கொடுத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "வடசேரி பஸ் ஸ்டாண்டில் மகள் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தாளே, நீங்கள் அவளை முடிக்கவே விடவில்லை," என்றாள். எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை.

என் கூச்சம் யாருக்கும் இடையூறாக இருந்ததில்லை என்பதும், பிறர் பேச்சை இடையில் வெட்டும் பழக்கம்தான் நான் திருத்திக்கொள்ள வேண்டியது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். ஆசிரியர் கூட்டங்களில் ஒருவர் பேசி முடிக்கும்வரை அவர் சொல்வதை நோட்டில் எழுதுகிறேன்; கை எழுதிக்கொண்டிருக்கும்போது வாய் தானாக அடங்குகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1948இல் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர், கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து வரிகளை எடுத்து, 39 மாணவர்களுக்கும் ஒரே குறிப்பை 'உன் ஆளுமை' என்று கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு அவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 4.26. ஆகவே உன் மகளின் அறிக்கையில் யாருக்கும் பொருந்தக்கூடிய வரிகளை முதலில் அடித்துவிடு.

மீதியை வைத்துக்கொண்டு அவளோடு உட்கார். "இது உனக்கு எந்த நாளில், யாரிடம் நடந்தது?" என்று கேள். அவளுடைய பாட்டி படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் மருந்து கொடுத்து, முதுகு துடைத்துவிட்டது யார் என்பதையும் நினைவூட்டு. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதென்றால் அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடு. என் மனைவியின் அக்கா தக்கலையில் இருபது ஆண்டுகளாக நர்ஸ். அதிகம் பேசமாட்டார்கள். ஒரு நாள் அவர்களோடு இருந்துவிட்டு அவள் முடிவு செய்யட்டும்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்