தோள்வாரை நம்பாதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். உங்கள் பட்டாலியன் லடாக்கில் மேலே ஏறப்போகிறது என்பதை மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடியைத் தாண்டினால் நான்கு நாள், 15,000 அடியைத் தாண்டினால் மேலும் நான்கு நாள் என்று உடலைப் பழக்கும் கணக்கு உனக்குத் தெரியும்; அதில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்காதே. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாகி மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறைந்துவிடுவதால், நீலகிரியில் வெலிங்டன் பயிற்சியின்போது நீ சுமந்து ஓடிய பை அங்கே அதே பையாக இருக்காது.

உனக்குக் கீழே இருக்கும் இளம் பிள்ளைகளுக்காகச் சில விஷயங்களை எழுதுகிறேன். பிசியோதெரபி பிரிவில் வேலை பார்த்த அம்மா சொன்னதாகவே அவர்களிடம் சொல். பூட்ஸில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் ஏறக்குறைய ஐந்து கிலோவுக்குச் சமமான உழைப்பை வாங்கும். பாத எலும்பில் விழும் விரிசல் முதலில் நடை முடியும் நேரத்தில் மட்டும் வலிக்கும், போகப்போக நடை தொடங்கும்போதே வலிக்கும். 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் வீரர்களின் பாத வீக்கத்தைப் பற்றி எழுதியபோது எக்ஸ்ரே இல்லை. இன்று அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முதுகுப்பையின் தோள்வார். அது அழுத்தும் இடத்தில்தான் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை ஓடுகிறது. அந்தக் கற்றை நசுங்கினால் பல சமயம் வலிகூட இருக்காது. விரல்கள் மரத்துப்போகும், கை உயர மறுக்கும், சிலருக்குத் தோள்பட்டை எலும்பு முதுகில் புடைத்து நிற்கும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் சுமையில் பெரும்பகுதி இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். அவசரத்துக்குக் கழற்ற முடியாது என்று அதைத் தொங்கவிடும் பிள்ளைகளைத் திட்டியாவது கட்டச் சொல். நீயும் கட்டு.

நீ பட்டாளத்தில் இருப்பதை அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் எதைக் கேட்டாலும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று போனை வைத்துவிடும் பழக்கம் உன் தாத்தாவிடமிருந்து வந்தது. அது அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லீவில் வந்திருந்தபோது செம்பை இடக்கையில் எடுத்து உடனே வலக்கைக்கு மாற்றிக்கொண்டாய். மருமகளும் பார்த்தாள். இருவருமே கேட்கவில்லை. சுமையை நிறுத்தினால் இந்த நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும்; மரத்த கையோடு மேலும் சுமந்தால் சிலருக்கு முழுதாகத் தேறாமலே போகும். பட்டாலியனின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் காட்டினால் மெடிக்கல் கேட்டகிரியை, அதாவது உடல்தகுதித் தரத்தை, இறக்கிவிடுவார்கள், ஹவில்தார் பதவி தள்ளிப்போகும் என்று நீ யோசிப்பாய். தள்ளிப்போகட்டும். துப்பாக்கியைப் பிடிக்கும் கை மேலே போன பிறகு விட்டுப்போனால், உன்னோடு கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கும் அது ஆபத்துதான்.

ஏறுவதற்கு முன் கையைக் காட்டிவிடு. இடுப்புப் பட்டையைக் கட்டு. மருத்துவர் சொன்னதை எனக்கு மட்டுமாவது எழுது, அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா