கோவளத்தில் பெண்களுக்கு ஒரு ட்ரையத்லான்: செங்கல்பட்டு ஆட்சியருக்கு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், செங்கல்பட்டு மாவட்டம்.

அனுப்புநர்: கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர் வட்டாரத்தில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் பழகும் பெண்கள் (கையொப்பங்கள் இணைப்பில்).

பொருள்: பெண்களுக்கான ட்ரையத்லான் போட்டியைத் தனிநபர், ரிலே ஆகிய இரண்டு பிரிவுகளிலும் மாவட்ட நிர்வாகம் நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதியே கொடுக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

நாங்கள் யாரும் பெரிய வீராங்கனைகள் இல்லை. ஆசிரியை, செவிலியர், ஐடி கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், தையல் கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பார்ப்பவர், மீன் விற்கும் குடும்பத்துப் பெண் என்று எல்லோரும் உண்டு. விடிவதற்கு முன் ஓடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) சைக்கிள் மிதிக்கிறோம், நீச்சல் மட்டும் எங்களில் சிலருக்குத்தான் தெரியும். இந்த மூன்றையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துச் செய்வதுதான் ட்ரையத்லான்: நீந்திக் கரையேறி, அங்கிருந்து சைக்கிள் எடுத்து, அதை நிறுத்தியதும் ஓடி முடிப்பது. ஒருவரே மூன்றையும் செய்தால் தனிநபர் பிரிவு. ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் மிதிக்க, இன்னொருவர் ஓடினால் ரிலே. ஆண்டுக்கு ஒரு முறை கோவளம் கடற்கரையில் மாவட்ட நிர்வாகமே முன்னின்று இப்படி ஒரு போட்டியைப் பெண்களுக்காக நடத்த வேண்டும், அதில் பெண்கள் மட்டுமே உள்ள ரிலேவுக்குத் தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

தூரத்தைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதை நாங்கள் கேட்கவில்லை. அதில் பாதி ஸ்பிரின்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதற்கும் கீழே சூப்பர் ஸ்பிரின்ட் என்று ஒன்று இருக்கிறது: 400 மீட்டர், 10 கிலோமீட்டர், இரண்டரை கிலோமீட்டர். முதல் வருடம் ரிலேவுக்கு சூப்பர் ஸ்பிரின்ட் போதும். தனியாகப் போகிறவர்கள் இரண்டில் எது முடியுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

ரிலேவை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கைவருவது அபூர்வம். பள்ளியில் ஓடியவளுக்கு நீச்சல் தெரியாது, நீச்சல் தெரிந்தவளிடம் சைக்கிள் இருக்காது, சைக்கிள் இருக்கிறவள் கல்யாணத்துக்குப் பிறகு ஓடியே இருக்க மாட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்த பெண்களில் பலருக்கும் நீச்சல் தெரியாது. தம்பிமார்கள் ஆறு வயதில் அலைக்குள் குதித்துத் தானாகவே கற்றுக்கொள்கிறார்கள், அக்காமார்கள் கரையில் நின்று அவர்களுடைய சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவர்களிடம் போய் மூன்றையும் கற்றுக்கொண்டு வா, அப்புறம் போட்டிக்குப் பெயர் கொடு என்றால் யாரும் வர மாட்டார்கள். உனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் செய், மீதியை உன் தோழிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றால் வருவார்கள். அப்படி வந்தவர்கள் அடுத்த வருடம் தோழியின் சைக்கிளை ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் கூட்டத்தில் இன்று தனியாக மூன்றையும் முடிக்கிற பெண்களில் பாதிப் பேர் ரிலே வழியாக வந்தவர்கள்தான்.

தனியார் நடத்தும் போட்டிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, போயும் பார்த்துவிட்டோம். நடத்தியவர்களின் பெயரைச் சொல்லிக் குறைகூறுவது எங்கள் நோக்கமில்லை, ஆனால் அங்கே பட்டதைச் சொன்னால்தான் நாங்கள் எதற்கு அரசிடம் வருகிறோம் என்பது புரியும். நுழைவுக் கட்டணம் ஆயிரக்கணக்கில். ரிலே என்று ஒரே ஒரு பிரிவு, அதில் ஆண்கள் அணி, கலப்பு அணி, பெண்கள் அணி எல்லாம் ஒன்றாக. முடிவுப் பட்டியலில் அணியின் பெயரும் கேப்டன் பெயரும் மட்டும்தான் வந்தன, நீந்தியவள் பெயர் எங்குமே இல்லை. உடை மாற்ற இடம் கேட்டால் வேனுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். உப்பும் மணலுமாக நனைந்து வந்த பெண்கள் ஆளுக்கொரு துப்பட்டாவைப் பிடித்து மறைப்பு கட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் சைக்கிள் பகுதிக்கு வந்த மாணவி, பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளோடு வந்திருந்தாள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், சக்கரத்துக்கு மேல் மட்கார்டு. சோதனை மேசையில் இருந்த பையன் பார்த்துச் சிரித்துவிட்டு, கூடையைக் கழற்று, ஸ்டாண்டைக் கழற்று, இல்லாவிட்டால் உள்ளே விட முடியாது என்றான். கழற்ற ஸ்பானர் இல்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கடையைத் திறந்து கழற்றிக் கொடுத்தார், அவள் மிதித்தாள், முடித்தாள். ஆனால் அவளுக்கு அதற்குப் பிறகு வர மனமில்லை. அமெச்சூர் போட்டிக்கு வரும் சைக்கிளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மூன்று: முன் பிரேக், பின் பிரேக், ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட். மாவட்டம் நடத்தும் போட்டியில் விலையில்லா சைக்கிளும் செல்லும் என்று விதியிலேயே எழுதிவிட்டால், சைக்கிள் இல்லை என்று எந்த மாணவியும் ஒதுங்க வேண்டியதில்லை. வேண்டுமானால் அந்த சைக்கிளுக்கென்றே ஒரு பரிசு வையுங்கள், பட்டையைக் கிளப்புவார்கள்.

நீச்சல் குளம் பற்றி. அரசுக் குளங்களில் மகளிர் நேரம் என்று ஒன்று இருக்கிறது, நாங்கள் போகிற குளத்தில் அது காலை பத்து மணிக்கு மேல். வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணால் பத்து மணிக்குக் குளத்தில் இறங்க முடியும்? பெண் பயிற்சியாளர் விடுப்பு எடுத்தால் அந்த ஒரு மணி நேரமும் ரத்து. போட்டிக்கு முந்தைய மூன்று மாதங்களுக்காவது காலை ஐந்தரை முதல் ஆறரை வரையோ மாலை ஏழு மணிக்கு மேலோ ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பெண் பயிற்சியாளரையும் பெண் உயிர்காப்பாளரையும் போட்டால் போதும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைக்கும் தடை இருக்கக் கூடாது. உடை சரியான துணியா என்று பாருங்கள், எவ்வளவு மூடியிருக்கிறது என்பது அவரவர் விருப்பம்.

அடுத்து கடல். கோவளத்தைச் சொல்வது எங்கள் ஊர் என்பதற்காக மட்டும் இல்லை. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழ் 2021ல் கிடைத்த கடற்கரை அது, கழிப்பறை, குளியல் வசதி, உடை மாற்றும் அறை எல்லாம் அதற்காகவே கட்டப்பட்டவை, போட்டியன்று விடியற்காலையில் திறந்துவைத்தால் பாதிச் செலவு மிச்சம். அலைச்சறுக்குப் பழகிய இளைஞர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், ஆளுக்கொரு பலகையோடு நீச்சல் பாதை ஓரமாக நின்றால் அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. மீனவர்களின் ஃபைபர் படகுகளையும் வாடகைக்கு எடுத்து நிறுத்த வேண்டும். அன்றைக்கு நீரோட்டம் வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா என்பதைக் கரையில் நின்றே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான், எனவே நீச்சல் பாதையைக் காட்டும் மிதவைகளை எங்கே போடுவது என்று அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். நம் கரையில் சிரமம் ஆழத்தில் இல்லை, கரையோரம் மடியும் அலையைத் தாண்டுவதில்தான். அதைத் தாண்டிய பிறகு கரைக்கு இணையாக நீந்துவது எளிது. அதோடு ஆண்களும் பெண்களுமாக நூறு பேர் ஒரே விசிலுக்குப் பாய்ந்தால் புதிதாக வருகிறவளுக்கு முதல் உதை மூக்கில் விழும், மிரண்டு போவாள். பெண்களைத் தனியாக, பத்துப் பத்துப் பேராக, இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும்.

தேதிக்கு எங்கள் யோசனை ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி முதல் வாரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடலை நம்ப முடியாது. மார்ச்சில் பொதுத்தேர்வு, மாணவிகளும் அம்மாக்களும் வர மாட்டார்கள். ஏப்ரலுக்கு மேல் வெயில். ஜனவரியில் ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கிவிடும், ஆகவே முந்தின இரவே ஃப்ளட்லைட் கட்டி ஸ்பீக்கர் வைத்துக் கொண்டாடும் வேலையெல்லாம் வேண்டாம், வெளிச்சம் வந்த பிறகு வேலையை ஆரம்பித்தால் போதும். அன்று காலை கடல் சரியில்லை என்றால் நீச்சலை எடுத்துவிட்டு ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று டூயத்லானாக மாற்றிக்கொள்வது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம்தான். கடல் வேண்டாம், முட்டுக்காடு கழிமுகத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று அலுவலர்கள் யாராவது சொன்னால், முதலில் அந்தத் தண்ணீரைச் சோதித்து முடிவை வெளியிடச் சொல்லுங்கள். 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே சேன் நதியின் தண்ணீர் சுத்தமாக இல்லை என்று ஆண்கள் ட்ரையத்லானை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள்.

சாலைதான் எங்களுக்கு உண்மையான பயம், கடல் இல்லை. ஞாயிறு காலை ஈசிஆரில் கார்களும் பைக்குகளும் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோவளத்திலிருந்து திருவிடந்தைப் பக்கம் போய்த் திரும்பும் சுற்றுக்கு ஒரு பக்க வழித்தடத்தை மட்டும் இரண்டு மணி நேரம் மூடிக் கொடுத்தால் போதும், மறுபக்கம் போக்குவரத்து நடக்கட்டும். தனியார் யாராவது இதற்கு முயன்றால் காவல்துறைக் கடிதம் கொண்டுவா என்று நெடுஞ்சாலைத் துறையும், நெடுஞ்சாலைக் கடிதம் கொண்டுவா என்று காவல்துறையும், மீன்வளத் துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், தீயணைப்பு, ஊராட்சி என்று இன்னும் பல வாசல்களும் ஏற வேண்டியிருக்கிறது. உங்கள் மேசையிலிருந்து ஒரு கூட்டத்துக்கு அழைப்பு போனால் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். நாங்கள் அரசிடம் வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை.

பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் அலுவலக வராந்தாவிலேயே கேட்டோம். அவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம். ட்ரையத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில், அங்கே முதலில் நடந்ததே பெண்கள் போட்டிதான். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் இந்தியாவுக்காக பிரக்ஞா மோகன், சஞ்சனா ஜோஷி என்ற இரண்டு பெண்கள் இதில் இறங்கினார்கள். இரண்டாவது நம் மாநிலக் கதை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் வயல் வேலைக்குப் போன பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அன்றும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். ஒரு ஆட்சியர் மனது வைத்தால் என்ன நடக்கும் என்று வேறு எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

செலவைப் பற்றி: எங்களுக்கு டிஷர்ட் வேண்டாம், பெரிய பதக்கம் வேண்டாம், மேடை வேண்டாம். கட்டணம் நூறு ரூபாய்க்கு மேல் போக வேண்டாம், மாணவிகளுக்கு அதுவும் வேண்டாம். நேரம் குறிக்கும் சிப் வாடகைக்குக் கிடைக்கும். ரிலேவில் அதுதான் கைமாறும் கோல். நீந்தி வந்தவள் சைக்கிள் நிற்கும் இடம்வரை ஓடிவந்து, தன் கணுக்காலிலிருந்து சிப் உள்ள ஈரப் பட்டையைப் பிய்த்து அடுத்தவள் காலில் ஒட்ட வேண்டும் (கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லி நோட்டீஸிலேயே போடுங்கள், வெல்க்ரோ அதில் மாட்டிக்கொண்டு படுத்தும்). சான்றிதழில் மூன்று பேரின் பெயரும், யார் எந்தப் பகுதி செய்தார்கள் என்பதும் தனித்தனியாக இருக்க வேண்டும். கடைசியாக வருகிறவள் வரும்வரை முடிவுக்கோட்டைப் பிரிக்கக் கூடாது. கட்-ஆஃப் நேரம் சாலைக்கு மட்டும் இருக்கட்டும், அதற்குள் சைக்கிளை முடித்தவளை ஓடியோ நடந்தோ முடிக்க விடுங்கள்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தையும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். அவர் வந்த பிறகுதான் கொடியசைப்பு என்றால் வெயில் ஏறிவிடும், அலையும் கூடிவிடும், சாலை மூடிய நேரமும் வீணாகும். ஆறே முக்காலுக்குக் கொடி என்றால் ஆறே முக்காலுக்குக் கொடி. நீங்கள் வருவதானால் எங்களோடு சேர்ந்து ஓடலாம்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுப்பிரிவு, அரசு ஊழியர் பிரிவு எல்லாம் இருக்கின்றன. அதில் பெண்கள் ட்ரையத்லானையும் ரிலேவோடு சேர்க்கும்படி விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு உங்கள் பரிந்துரையை அனுப்பினால் மற்ற கடலோர மாவட்டங்களுக்கும் வழி பிறக்கும். அது தாமதமானாலும் கோவளம் போட்டி அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாவட்ட விளையாட்டு அலுவலர், காவல்துறை, நெடுஞ்சாலை, மீன்வளத் துறை, கோவளம் ஊராட்சி, மீனவர் பஞ்சாயத்து, எங்களில் இருவர் என்று ஒரு கூட்டத்தை அடுத்த மாதத்துக்குள் கூட்ட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பாதையின் வரைபடமும், எந்த இடத்தில் எத்தனை தன்னார்வலர்கள் தேவை என்ற கணக்கும் இணைத்திருக்கிறோம். கூட்டம் மாலை ஐந்து மணிக்கு மேல் இருந்தால் வேலைக்குப் போகிறவர்களும் விடுப்பு எடுக்காமல் வர முடியும்.

இப்படிக்கு,
இணைப்பில் கையொப்பமிட்டுள்ள பெண்கள்

நகல்: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், செங்கல்பட்டு.