அனுபவம் வேண்டுமென்றால் நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்

குமரி மாவட்டத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிற அதிகாரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் நாகர்கோவிலில் நடந்த ஒரு முகாமுக்கு நானும் வந்திருந்தேன். 'ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்கள் கலந்துகொள்ளலாம்' என்றுதான் நோட்டீஸில் இருந்தது. அதை நம்பி பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கமிருந்தெல்லாம் விடியும் முன்பே பஸ் ஏறி வந்திருந்தோம்.

டோக்கன் வாங்கி மேசை வரை போய்ச் சேர மதியமாகிவிட்டது. என் பயோடேட்டாவை வாங்கியவர் முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா மக்களே?" என்றார். இப்போதுதான் பி.காம். முடித்தேன் என்றேன். "ரெண்டு வருஷமாவது வேணுமே" என்று சொல்லி, மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தனியாக இருந்த ஒரு காகிதக் கட்டோடு வைத்தார். அடுத்த மேசையிலும் அதே கேள்வி. அதற்கடுத்த மேசையில் அனுபவம் கேட்கவில்லை, பயிற்சிக்கு முன்பணம் கேட்டார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், பென்சில் கோடு போட்ட அந்தக் கட்டு மேசையிலேயே கிடக்கிறது. எங்கள் போட்டோ, செல் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. என்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டேன். மேசைக்கு ஒரு செட் ஜெராக்ஸ், ஒரு போட்டோ என்று கொண்டுவந்தது அது. என் அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. மழை பெய்தால் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்தக் காசில் எடுத்த ஜெராக்ஸை இப்படி விட்டுவிட்டுப் போக எப்படி மனம் வந்தது?

அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்று ஒரு கம்பெனி நினைத்தால், சரி, அது அவர்கள் விருப்பம். அதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். என்ன வேலை, எந்த ஊரில், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும், புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுப்பார்களா இல்லையா, இவ்வளவையும் நோட்டீஸில் போடுங்கள்.

அன்றைக்கு மேடையில் சிலருக்குப் பணி நியமன ஆணை கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். என் தோழிக்கும் கிடைத்தது. அதில் சம்பளமும் இல்லை, சேர வேண்டிய தேதியும் இல்லை. போன் செய்தால் 'கூப்பிடுவோம்' என்கிறார்கள். முகாமின் கணக்கில் மட்டும் அவள் வேலை கிடைத்தவள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டம்தான், 91.75 சதவீதம். அப்படிப் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கும் வளைகுடாவுக்கும் போனால்தான் பிழைப்பு என்று ஆகிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. இன்ஜினியரிங் படித்தவருக்கு அதுவும் கிடையாது. சென்னையில் ஒரு இன்டர்வியூவுக்குப் போய்வர ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கே அந்த 600 ரூபாய் காணாது. வேலை கொடுக்காமல் அனுபவம் மட்டும் எங்கிருந்து வரும்? தொழிற்பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. பட்டதாரிகளையும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சிக்கு எடுக்க அதில் இடமிருக்கிறது. அப்படி எடுக்கிற கம்பெனிகளை ஏன் கூட்டிவரக் கூடாது?

முகாம் நடத்துவது லேசான வேலை இல்லை என்று எனக்கும் தெரியும். தயவுசெய்து அடுத்த முகாமுக்கு முன்பாவது இதைச் செய்யுங்கள். அனுபவம் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு கம்பெனியின் பெயருக்கு நேராகவும் நோட்டீஸில் போடுங்கள். முன்பணம் கேட்பவர்களை உள்ளே விடாதீர்கள். எடுக்காதவர்களின் பயோடேட்டாவை அன்றைக்கே அவரவர் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆணை வாங்கியவர்களில் எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பதை மூன்று மாதம் கழித்து விசாரித்து எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பி.காம். பட்டதாரி,
குலசேகரம்.