மெதுவான சைனுக்கு லிமிட்டர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம். 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்தை 10 ஹெர்ட்ஸ் தள்ளிய இன்னொரு சிக்னலோடு கலந்து மிக்ஸர் தரும் 10 ஹெர்ட்ஸ் பீட் (வித்தியாச) சைனை, அதைச் சதுர அலையாக்கும் கம்பரேட்டருக்கு நேராகக் கொடுத்ததில், இரண்டு சேனல்களின் நேர இடைவெளியை அளக்கும் கவுன்டரின் அளவுகள் மைக்ரோ விநாடிக் கணக்கில் சிதறுகின்றன என்று எழுதியிருந்தாய். இன்னும் வேகமான கம்பரேட்டர் வாங்கிவிடாதே; சிதறல் கூடத்தான் செய்யும்.

இரைச்சல் மின்னழுத்தத்தைச் சைன் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துச் சரிவால் வகுத்தால் ஜிட்டர், அதாவது நேரச் சிதறல், கிடைக்கும். உச்சம் 1 வோல்ட் என்றால் உன் சைனின் சரிவு விநாடிக்கு 62.8 வோல்ட்தான். 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலமும் ரூட் ஹெர்ட்ஸுக்கு 10 நானோவோல்ட் இரைச்சலும் உள்ள கம்பரேட்டரில் மொத்த இரைச்சல் சுமார் 40 மைக்ரோவோல்ட். வகுத்துப் பார், 0.6 மைக்ரோ விநாடி வரும்.

ஆலிவர் காலின்ஸ் 1996-இல் விளக்கிய வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது: சரிவைப் படிப்படியாக ஏற்று, அது ஏற ஏற அலைவரிசை அகலத்தைத் திற. உச்சிகளை வெட்டிச் சரிவை ஏற்றும் இந்தச் சுற்றுதான் லிமிட்டர். ஓபி-27 (இரைச்சல் குறைந்த ஆப்-ஆம்ப்) வைத்து மூன்று தலைகீழ்ப் பெருக்கிகள் போடு. ஒவ்வொன்றிலும் உள்ளே 1 கிலோஓம், பின்னூட்டத்தில் 10 கிலோஓம், அதற்கு இணையாக எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடுகள். இணைக் கெபாசிட்டர் முதல் நிலையில் 22 நானோஃபாரட், அடுத்ததில் 2.2, கடைசியில் 220 பிக்கோஃபாரட். அகலம் முறையே 720 ஹெர்ட்ஸ், 7.2 கிலோஹெர்ட்ஸ், 72 கிலோஹெர்ட்ஸ். முதல் நிலையின் பங்கு சுமார் 3 நானோ விநாடி, இரண்டாவதன் பங்கு 1, மூன்றாவது 0.3. கம்பரேட்டருக்குப் போகும்போது சரிவு ஆயிரம் மடங்காகியிருக்கும். கம்பரேட்டரின் பங்கும் 0.6 நானோ விநாடிக்கு இறங்கிவிடும். பீட் நேர வித்தியாசத்தைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதால், 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்தில் இது வெறும் 3 ஃபெம்டோ விநாடி!

முதல் நிலையில் கை வைக்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ஓபி-37 இரைச்சலில் அதே அளவுதான், வேகமும் அதிகம், ஆனால் பெருக்கம் 5-க்குக் கீழே போனால் நிலைக்காது. டயோடு கடத்தும்போது பெருக்கம் ஒன்றுக்கு அருகே விழுவதால் அது தானாகவே அலையத் (ஆசிலேட் ஆகத்) தொடங்கிவிடும். 22 நானோஃபாரடுக்கு எக்ஸ்7ஆர் (வெப்பத்தில் மதிப்பு அதிகம் மாறும் செராமிக் கெபாசிட்டர் வகை) வேண்டவே வேண்டாம். அங்கே தாமதம் 220 மைக்ரோ விநாடி. டிகிரிக்கு 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) மட்டுமே மாறும் சி0ஜி வகையிலேயே டிகிரிக்கு 6.6 நானோ விநாடி நகரும். இரண்டு சேனலிலும் ஒரே வகை உறுப்புகளை ஒட்டியே வை, பெரும்பகுதி கழிந்துவிடும். ஆஃப்செட்டும் (பூஜ்யத்திலிருந்து விலகி நிற்கும் சிறு டிசி மின்னழுத்தம்) அப்படித்தான்: 1 மைக்ரோவோல்ட் நகர்ந்தால் 16 நானோ விநாடி. மின்தடைகள் மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். 1என்4148-இன் கண்ணாடி உடல் வெளிச்சத்தை உள்ளே விடும், விளக்கின் துடிப்பு சிக்னலில் ஏறும். பெட்டியை மூடிவிட்டு அள.

ஹிஸ்டெரிசிஸ் (ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு வாசல் மின்னழுத்தம் வைப்பது) கடைசிக் கம்பரேட்டரில் மட்டும் போதும். கவுன்டரில் ஒரே பக்க விளிம்பை எடு. ஆஃப்செட் இருந்தால் ஏறுவிளிம்பும் இறங்குவிளிம்பும் எதிரெதிராக நகரும்.

கட்டி முடித்ததும் ஒரே சைனை இரண்டு சேனலுக்கும் கொடுத்து, இடைவெளியின் திட்டவிலக்கத்தை ரூட் 2-ஆல் வகுத்து எனக்கு எழுது. 5 நானோ விநாடிக்கு மேல் வந்தால் முதல் நிலை வெளியீட்டின் அலைவடிவத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்