வயரிங் பரிசோதனைக்கு ஆளை வரவழைக்கும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். பரிசோதகரின் உரிம எண்ணை, அதை வழங்கிய அமைப்பிடமே சரிபாருங்கள். அட்டையைப் பார்ப்பது மட்டும் போதாது.

கம்பி உறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனை 500 வோல்ட் டிசியில் நடக்கும். முன்னதாக மெயினை அணைத்து, டிவி, கணினி, எல்இடி விளக்குகள், திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை பழுதாகலாம், அல்லது ரீடிங் பொய்யாகக் குறைந்து காட்டும். இன்சுலேஷனின் மின்தடை குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும்.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதே அளவு கசிவில் 300 மில்லிவினாடிக்குள் துண்டிக்க வேண்டும். இதை மீட்டர் வைத்தே அளக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மட்டும் அழுத்திக் காட்டினால் ஏற்காதீர்கள். எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும், ஆபத்தே அங்கேதான்.

அறிக்கையில் சர்க்யூட் வாரியாக அளவீடுகள் இருக்கட்டும். வெறும் ‘சரி’ என்று எழுதியிருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.